ஐஸ் கொம்பனியின் பயிற்சி அட்டைகள்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலையில் இலட்சுமிப்பிள்ளை இரண்டு சோற்றுப் பார்சல் கட்டினாள். ஒன்று மகளுக்கு, மற்றது மகனுக்கு. வழமையாக மகனுடைய பார்சலில்தான் பொரித்த மீன் ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். அன்று மகளுடையதில் இருந்தது.

கேதீஸ்வரி அதைக் கண்டாள். பார்சலைச் சைக்கிள் கூடைக்குள் வைக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"ஒரு சரி போடுறதுக்கு உன்ட கை தேஞ்சா போகும்?"

கேதீஸ்வரி சைக்கிளை உருட்டினாள். அம்மாவும் வேலிப் படலை வரைக்கும் நடந்து வந்தாள். வீதியில் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. அது போனதும் கேதீஸ்வரி சைக்கிளில் ஏறினாள்.

போன கிழமை வரைக்கும் அந்த வீட்டில் கலியாணப் பேச்சுத்தான். தம்பி உதயரூபனுக்குப் பெரியகல்லாற்றில் பெண் பொருந்தியிருந்தது. கலாஜினி என்று பெயர். வைகாசியில் தாலி கட்டி, அவன் அந்த வீட்டுக்குப் போய்விடுவான். பெண்ணின் தகப்பன் கதிர்காமத்தம்பி ஓய்வுபெற்ற வீதி ஓவசியர். கலியாணத்துக்கு அவர் சம்மதித்ததே பொடியன் செட்டிபாளையம் ஐஸ் கொம்பனியில் மெசின் அறைப் பொறுப்பில் இருக்கிறான் என்பதற்காகத்தான். கடலுக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சுனாமிக்குப் பிறகு அவர் பிடித்த பிடி அது.

பிறகுதான் கொழும்பிலிருந்து புது முகமூடிகள் வந்தன.

நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்யும் ஒரு கொழும்புக் கொம்பனி இவர்களிடம் ஐஸ் வாங்க முன்வந்திருந்தது. ஆனால், அமோனியா காஸைக் கையாளுகிறவர்கள் எல்லோருக்கும் ஒழுங்கான பயிற்சி இருக்க வேண்டும், அதற்குப் பதிவு இருக்க வேண்டும், அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார் என்பது நிபந்தனை. முகமூடிப் பெட்டியை உடைத்தபோது முற்றத்தில் எல்லோரும் ஆளுக்கொன்றை மாட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். உதயரூபன் மட்டும் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை.

கேதீஸ்வரி அதைத் துசாந்தனிடம் கேட்டாள். துசாந்தன் அவனோடு ஒரே ஷிப்டில் நிற்பவன்.

"அவன் எந்த வருசமக்கா முகமூடி போட்டவன்?" என்று அவன் சிரித்தான். "பயிற்சி நடக்கக்குள்ள அவன்தானே பேர் கூப்பிடுறவன்."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியின் அட்டையில் வருடா வருடம் முகமூடிக் கட்டத்தில் சரி போட்டிருந்தது. போட்டது அவள்தான். பயிற்சி நாளில் தேத்தண்ணியோடு ஒரு தாள் சுற்றி வரும். எல்லோரும் ஒப்பம் வைப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவள் அட்டைகளை நிரப்புவாள். வந்தவர்கள் எல்லோரும் செய்தவர்கள் என்றே இத்தனை நாளும் எழுதியிருக்கிறாள்.

அந்தச் சரிகளின் மேல் கோடிழுத்துவிட்டு, புது அட்டையில் தம்பியின் முகமூடிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அந்த வெறுங்கட்டந்தான் வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டிருந்தது. அது வெறுமையாக இருந்தால் அவன் மெசின் அறையில் நிற்க முடியாது. மெசின் அறை இல்லையென்றால் பெரியகல்லாறு இல்லை.

அட்டையை நிரப்பினால் பிறகு என்ன நடக்கும்? அம்மா அதைக் கேட்கவில்லை. கேதீஸ்வரி தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வாவிப் பக்கத்து ஒழுங்கையில் மிதித்தாள். காஸ் வெடிக்கும் நாளில் அட்டையிலிருக்கும் சரியைப் பார்த்து அவனைத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

கொம்பனி வீதிக்கும் வாவிக்கும் இடையில் இருந்தது. தை மாதம். வாடைக்காற்று கடலிலிருந்து வீதியைத் தாண்டி வந்து, முற்றத்துக் கம்பத்தில் கட்டியிருந்த செம்மஞ்சள் துணியை வாவிப் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தது.

ஒபிசைத் திறந்து முதலில் அட்டைப் பெட்டியை எடுத்தாள். அது தகரப் பெட்டி. மூடியைத் தூக்கினால் அப்பாவின் மணம் வரும். அப்படி அவளுக்குத் தோன்றும். உண்மையில் அது மெசின் அறையிலிருந்து எப்போதும் மெல்லக் கசியும் அமோனியாவின் மணம். கடதாசிக்குள் ஏறிக் கிடந்தது.

அப்பா நல்லரெத்தினம் பழைய கொம்பனியில் மெசின் அறைக்காரர். காஸ் மணக்கும் அவருடைய வேலைச் சேட்டை அம்மா வீட்டுக்குள் எடுக்கவிட மாட்டாள். கிணற்றடிக் கொடியில் தனியாகத் தொங்கும். பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்தால் மட்டும் அந்தச் சேட்டுக்கு மதிப்பு வரும். கேதீஸ்வரியும் தம்பியும் ஓடிப்போய் அதற்குள் முகத்தைப் புதைப்பார்கள். ஒரே இழுப்பில் மூக்கு திறந்து கண்ணால் தண்ணீர் ஓடும். இருவரும் கண்ணீரோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா முற்றத்தில் நின்று, போதும் போதும், சேட்டில் காஸ் முடிந்துவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் உமிக்குள் பொதிந்து ஐஸ் துண்டு கொண்டு வருவார். உமியைக் கழுவிவிட்டுப் பார்த்தால் துண்டின் நடுவில் வெள்ளையாய்ப் புகை மாதிரி ஒன்று உறைந்திருக்கும். அது என்ன என்று தம்பி கேட்பான். காற்று, வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது என்பார் அப்பா.

பெட்டியின் பின்பக்கத்தில் பழைய அட்டைகள் சில இருந்தன. சுனாமிக்குப் பிறகு தாழம்பற்றைக்குள் கண்டெடுத்து வெயிலில் காயவைத்தவை. மற்றவை கடலோடு போய்விட்டன. அந்த அட்டைகள் பயிற்சிக்கென்று தொடங்கியவை அல்ல. சண்டைக் காலத்தில் அமோனியா சிலிண்டர் கொண்டுவருவதென்றால் இராணுவ முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். சிலிண்டரில் கை வைக்கும் ஒவ்வொருவருடைய புகைப்படமும் அடையாள அட்டை இலக்கமும் கொடுக்க வேண்டும். அதற்காக அடித்த அட்டைகள். கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தில்தான் கேதீஸ்வரி பிறகு கட்டம் போட்டு, யார் எப்போது என்ன பழகினார்கள் என்று எழுதத் தொடங்கினாள். வேலையை விட்ட திகதி என்ற இடத்தில் சிலருக்குச் சுனாமி வந்த அந்த மார்கழி மாதம் இருந்தது. ஒருவனுக்கு ஒன்றுமே இல்லை. அவன் சண்டைக் காலத்தில் வாகரைப் பக்கம் போய்த் திரும்பி வராதவன். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

அப்பாவின் அட்டையில் படம் பாதி கரைந்திருந்தது. மீசையும் ஒரு காதும் மிச்சம்.

முகைதீன்பாவா ஹாஜியார் வந்தார். கொம்பனியின் முதலாளி. காத்தான்குடிக்காரர். பழைய கொம்பனியைக் கடல் கொண்டுபோன பிறகு, கடன்பட்டு இந்த இடத்தில் திரும்பக் கட்டியவர். புதுச் சேட்டுப் போட்டிருந்தார். மேசையில் இருந்த அட்டைகளைப் பார்த்தார், உதயரூபனுடையது தனியாக இருப்பதையும் பார்த்தார்.

"புள்ள," என்றார், "கொழும்பால இண்டைக்கு வாற மனிசி கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. கேக்காததுக்கு நாம ஏன் வாய் துறக்கிற?"

"ஓம் ஹாஜியார்."

அவர் போகாமல் நின்றார். "உன்ட தகப்பன் இருந்திருந்தா இதையெல்லாம் அவர் பாத்திருப்பார்," என்று சொல்லிவிட்டு, சொன்னது பொருந்தவில்லை என்று பட்டதோ என்னவோ, தொப்பியைச் சரி செய்துகொண்டு வெளியே போனார்.

உதயரூபன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஒபிஸ் வாசலைக் கடந்து மெசின் அறைக்குள் நுழைந்தான். அவன் கையில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தலையில் வைப்பதே இல்லை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் எல்லோரும் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். அது அவனுக்கு வசதியாய்ப் போயிற்று. சண்டை முடிந்த பிறகுதான் தொல்லை. போட்டே ஆக வேண்டும் என்று பொலிஸ் பிடிக்கிறது. அவன் முன்னால் பொலிஸைக் கண்டால் ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவான். இரவில் போர்வையை மார்புக்கு மேலே ஏற்ற மாட்டான். சுனாமித் தண்ணீருக்குள் கிடந்த பிள்ளை, அந்தப் பயம் போக நாளெடுக்கும் என்று அம்மா சொல்வாள். நாள் வருடங்களாகிவிட்டது.

வந்த பெண் றஸீனா என்று பெயர் சொன்னாள். கேதீஸ்வரியின் வயதுதான் இருக்கும். சாம்பல் நிற ஸ்காஃப், முழங்கை வரைக்கும் மடித்த கைநீளச் சட்டை, சேறு படிந்த சப்பாத்து. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கேள்வி கேட்கவில்லை. அவள் பேசாமல் இருப்பது ஹாஜியாரைப் பேச வைத்தது. அவர் கட்டிடத்தைப் பற்றி, மின்வெட்டைப் பற்றி, மேல்காற்றான கச்சான் வீசும் காலத்து வெக்கையைப் பற்றியெல்லாம் சொன்னார்.

உதயரூபனின் அட்டை வந்தது. றஸீனாவின் விரல் வெறுங்கட்டத்தில் நின்றது. விரல் நகர்ந்தது. அட்டை கவிழ்ந்து மற்றவற்றோடு சேர்ந்தது. ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார்.

"அட்டையெல்லாம் சுத்தமா இருக்கு," என்றாள் றஸீனா. "நான் மணியை அடிக்கப் போறேன். காஸ் வந்தா செய்யறத எல்லாரும் செய்ங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் முற்றத்துக்குப் போய்த் தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடித்தாள்.

ஐஸ் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அறுக்கும் வாளைக் கீழே போட்டார்கள். லொறியில் நின்றவர்கள் குதித்தார்கள். கேதீஸ்வரியும் ஓடினாள். எல்லோரும் ஒரே பக்கம். தோணிகள் கட்டியிருக்கும் வாவித் துறைக்கு வந்து, முழங்கால் தண்ணீரில் ஒருவர்மேல் ஒருவர் முட்டி நின்று திரும்பிப் பார்த்தபோது, றஸீனா தனியாக எதிர்ப் பக்கத்தில், வீதியோரத்தில், கடற்காற்று ஸ்காஃபை அடிக்க நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே செம்மஞ்சள் துணி இவர்களைச் சுட்டிக் காட்டியது.

அவள் நடந்து வந்தாள்.

"இப்ப காத்து எங்கயிருந்து வருது?"

துணியைப் பார்த்தார்கள். கடலிலிருந்து.

"அப்ப காஸ் எங்க வரும்?"

காஸ் இவர்களிடந்தான் வரும். வெளியேறும் பாதை என்ற கட்டத்தில் எல்லோருடைய அட்டையிலும் சரி இருந்தது. காற்றுக்கு எதிராகப் போக வேண்டும், வாடைக் காலத்தில் கடற்பக்கம், கச்சானில் வாவிப் பக்கம் என்று பயிற்சி தந்தவர் படம் போட்டுக் காட்டியிருந்தார். எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள்.

கடைசியில் துசாந்தன்தான் சொன்னான்.

"மிஸ், கடலப் பாத்து ஆர் ஓடுற?"

அவன் பகிடியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது பகிடி இல்லை. தண்ணீரில் நின்றவர்களில் சுனாமிக்கு ஆளைப் பறிகொடுக்காதவர் ஒருவரும் இல்லை. றஸீனா எழுதுவதற்கு எடுத்த பேனையை மூடினாள். வாவியில் ஒரு கொக்கு நின்ற காலை மாற்றி நின்றது.

அப்போதுதான் கேதீஸ்வரி எண்ணிப் பார்த்தாள். தம்பி இல்லை.

மெசின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவள் ஓடினாள். உள்ளே உதயரூபன், ஈரத் துவாயை மூக்கோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெரிய வால்வின் சக்கரத்தைச் சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். புது முகமூடி அவன் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. மணிச் சத்தம் கேட்டதும், எல்லோரும் வெளியே ஓடியபோது, அவன் உள்ளே ஓடியிருக்கிறான். ஈரத் துவாயோடு.

மெய்யாகவே காஸ் வந்திருந்தால் அந்தத் துவாய் எத்தனை மூச்சுக்குக் காணும்? கண்ணுக்கு என்ன மறைப்பு? வேர்த்த இடமெல்லாம் எரித்துவிடும் சாமான் அது.

வெளியே வந்தபோது ஹாஜியார் தன் ஆட்களின் கெட்டித்தனத்தை றஸீனாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பார்த்தீர்களா, ஒருவன் நின்று வால்வைப் பூட்டியிருக்கிறான் என்றார். றஸீனா தலையசைத்தாள். நல்ல ஆள் போல் இருக்கிறது, இவரைப் பொறுப்பாகப் போட்டுக்கொள்ளலாமே என்றாள்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அம்மா கேட்டது அதுதான். கேதீஸ்வரி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும்.

"மிஸ்," என்றாள். "இவர் என்ட தம்பி. இவர் ஒரு நாளும் முகமூடி போட்டதில்ல. நான்தான் போட்டதா எழுதி வெச்சிருந்தன். இவர உள்ள விடேலா."

ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். உதயரூபன் துவாயை அவிழ்த்து, பிழிந்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டு துறைப் பக்கம் நடந்தான்.

மத்தியானம் அவள் இரண்டு பார்சலையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். கவிழ்த்து வைத்த தோணியின் நிழலில் அவன் இருந்தான். அவளும் பக்கத்தில் போய் இருந்தாள். பார்சலைப் பிரிக்கவில்லை. வாவி அசையாமல் கிடந்தது. அக்கரையில் யாரோ தோணியைத் தடியால் தட்டி மீனை வலைக்குக் கலைக்கும் சத்தம் வந்தது, நின்றது, பிறகு வந்தது.

"காட்டிக் குடுத்துட்டாய்," என்றான் அவன்.

அவள் மடியிலிருந்த பார்சலைத் தடவினாள். அவனே தொடர்ந்தான்.

"பெரியகல்லாத்து மனிசன் இண்டைக்குக் கேள்விப்படும். துசாந்தன்ட வாய் மூடாது."

"நீ உள்ள ஓடினாய்டா."

"ஓடாம?"

"துவாயோட."

அவன் ஒரு சிப்பியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். வளையம் விரிந்து கரைக்கு வந்து சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவள் கேட்காமலே, சொல்லத் தொடங்கினான். ஐந்து வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்காதது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு பழைய கொம்பனிக்குப் போயிருந்தான். முதலில் வந்த தண்ணீர் பெரிதில்லை. முழங்காலளவு. ஆனால் சுவரைத் தள்ளிவிட்டது. குழாய் வெடித்துக் காஸ் சீறியது. கொம்பனியில் இருந்தது ஒரேயொரு முகமூடி. அப்பா அதை எடுத்தார். தனக்குப் போடுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றவனை இழுத்துத் திருப்பி, அவன் முகத்தில் வைத்தார். தான் துவாயை நனைத்துக் கட்டிக்கொண்டார். நீ வெளியால போய்ப் பின்பக்கத்து வால்வைப் பூட்டு, நான் உள்ளே பூட்டுகிறேன் என்றார். அவன் வெளியே வந்து சக்கரத்தில் கை வைத்தபோதுதான் பெரிய தண்ணீர் வந்தது.

இதுவரைக்கும் சீராகச் சொல்லிக்கொண்டு வந்தவன் நின்றான்.

"அப்பாதான் பின்னால நிண்டு வாரை இறுக்கினவர். காஸ் போகாம இறுக்கோணும் எண்டார். தண்ணி போகும் எண்டு அவர் நினைக்கல்ல."

கேதீஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடிக்குள்ள தண்ணி நிறைஞ்சிட்டு அக்கா. கழட்டேலாமப் போச்சு. அவ்வளவு நல்லா இறுக்கியிருந்தார்."

தண்ணீருக்குப் பயம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அம்மாவும் அப்படித்தான். இவ்வளவு நாளும் அவன் தலைக்குப் பின்னால் அப்பாவின் கை இருந்திருக்கிறது. அவள் சோற்றுப் பார்சலைப் பிரித்தாள். பொரித்த மீனின் கூடுதல் துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். வெளியேறும் பாதையையும் முகமூடியையும் இன்றைக்கே திரும்பப் பழகிவிட்டால், பிழைகளைத் திருத்தியதாக எழுதிக்கொண்டு போகலாம் என்று றஸீனா ஹாஜியாரிடம் சொல்லியிருந்தாள். ஒரு முறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு தானே முன்னே நடந்து வீதியைத் தாண்டினாள். ஓடவில்லை. தாழை மரங்களுக்கு இப்பால், கடல் தெரியாத இடத்தில் நின்று, இது போதும் என்றாள். ஹாஜியார்கூட அங்கே வந்து நின்றார். அலைச் சத்தம் கேட்டது.

முற்றத்துக்குத் திரும்பியதும் றஸீனா கேதீஸ்வரியைக் கூப்பிட்டாள்.

"உங்கட அட்டை எங்க?"

"எனக்கு அட்டை இல்ல மிஸ். நான் ஒபிஸ்."

"காலைல மெசின் அறைக்குள்ள போய் வெப்பம் பாத்து எழுதுறது நீங்கதானே? ஒவ்வொரு நாளும் உங்கட ஒப்பம் இருக்கு."

துசாந்தன் வாய்விட்டுச் சிரித்தான். "பேர் கூப்பிடுறவர் முகமூடி போடுறல்ல, அட்டை எழுதுறவவுக்கு அட்டை இல்ல. நல்ல குடும்பம்." எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து அந்த முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. கேதீஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

முகமூடியை வாங்கி முகத்தில் வைத்தாள். பின்னால் வார்கள் நிற்கவில்லை. கொண்டை இடித்தது. ஒரு கையால் கொண்டையையும் மறு கையால் வாரையும் பிடித்துத் தடுமாறினாள். யாரோ பின்னால் வந்து நின்றார்கள்.

கொண்டை ஊசி உருவப்பட்டது. முடி முதுகில் விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு இரண்டு கைகள் கீழ் வாரை முதலில் பிடித்தன, பிறகு நடு வார், பிறகு மேல் வார். அவசரமில்லாமல். இறுக்கின பிறகு ஒரு விரல் உள்ளே நுழைந்து வாரைச் சற்றுத் தளர்த்தியது.

"இந்தக் கொளுக்கிய மேல தூக்கினா ஒரே இழுவையில கழண்டிரும்," என்றான் உதயரூபன், அவள் காதோரம். அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். "முதல்ல இதப் பழகு. மறுகா மற்றது."

அவள் ஒரு முறை கழற்றினாள். அவன் திரும்பப் பூட்டினான். முன்னால் வந்து, காற்று நுழையும் வாயை உள்ளங்கையால் மூடி, மூச்சை இழு என்றான். இழுத்தாள். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவன் தலையாட்டினான். கண்ணாடி வழியே அவன் முகம் வேர்த்திருந்ததைக் கண்டாள்.

மெசின் அறைக்குள் போனாள். எப்போதும் வாசலிலேயே வந்து முகத்தில் அடிக்கும் அந்த மணத்துக்காகத் தன்னை அறியாமல் காத்திருந்தாள். வரவில்லை. சக்கரத்தைத் தொட்டாள், குழாயைத் தொட்டாள், அப்பா நின்றிருக்கக்கூடிய இடம் போன்ற ஒரு மூலையில் சற்று நின்றாள். ரப்பரும் தன் மூச்சுந்தான் மணத்தன. பிறந்ததிலிருந்து தெரிந்த மணம் இல்லாத ஒரு மெசின் அறை. முகமூடி சரியாகப் பொருந்தியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் வெளியே வந்து, கொளுக்கியைத் தூக்கினாள். மணம் திரும்பி வந்தது.

ஹாஜியார் வெறும் அட்டை ஒன்றை நீட்டினார். தன் பெயரைத் தானே எழுதினாள்.

பிறகு வழமை போல உதயரூபன் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினான். ஒவ்வொருவராக வந்து போட்டு, உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். கேதீஸ்வரி தேத்தண்ணித் தாளை எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் கதவால் வெளியே வந்த பிறகுதான் அவர்களுடைய கட்டத்தில் எழுதினாள்.

அந்த நேரத்தில்தான் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத வேட்டி. கதிர்காமத்தம்பி. கேள்விப்பட்டு வந்தாரா, தற்செயலாக வந்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. வாசலைத் தாண்டாமல், நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உதயரூபனும் அவரைக் கண்டான். கடைசிப் பெயரும் முடிந்திருந்தது. தாளை மடிக்கப் போனவன் மடிக்கவில்லை. வாடைக்காற்று தாளின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தது. றஸீனா அவனைப் பார்த்தாள்.

"நல்லரெத்தினம் உதயரூபன்," என்று அவன் கூப்பிட்டான். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில், வாசலடி வரைக்கும் கேட்கும்படி.

ஒரு கணம், வேறு யாரோ மறுமொழி சொல்லப் போகிறார்கள் என்பதுபோல நின்றான்.

"இன்னும் செய்யல்ல," என்றான். "எழுதிக்கொள் அக்கா."

அவள் எழுதினாள். தலையை நிமிர்த்தியபோது கதிர்காமத்தம்பி ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சம்பந்தி வீட்டுக்கு வருகிறவர் போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முற்றத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்.